போகாத ஊருக்கு ஒரு காகிதம்

எடிசன், நியூ ஜெர்சி
ஆடி ஞாயிறு, காலை

அன்புள்ள அம்மு,

நேற்று ராத்திரி வாட்ஸப்பில் நீ கேட்டது ஒரே வரி. "சித்தப்பா, 485 பெண்டிங்ல இருக்கும்போது தம்பி கல்யாணத்துக்குப் போய்ட்டு வரலாமா?" கூடவே டிக்கெட் விலையின் படம். டல்லாஸ், தோஹா, சென்னை. தை பிறந்து பத்தாம் நாள். "போலாம், போக வேண்டாம், ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டு விடுங்களேன்" என்றாள் உன் சித்தி. 2007-ல் இதே கேள்வியை நான் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரே வார்த்தையில்தான் பதில் சொன்னார். அது இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதனால் உனக்கு நீளமாக எழுதுகிறேன். காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

இந்த நாட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் உன்னை நிறுத்திக் கேட்க மாட்டார்கள். மீனம்பாக்கத்தில் குடியேற்ற அதிகாரி உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித்தான் வெளியே விடுவார். இங்கே அப்படி ஒரு மேஜையே கிடையாது. பையை எக்ஸ்ரேயில் விடுவாய், போர்டிங் பாஸைக் காட்டுவாய், ஏறி உட்காருவாய். உரிய அனுமதி இல்லாமல் போகிறவருடைய 485-க்கு, அதாவது இங்கே இருந்தபடியே க்ரீன் கார்டு கேட்டுப் போட்ட விண்ணப்பத்துக்கு, அந்தப் பயணத்தோடு உயிர் போய்விடும். விண்ணப்பத்தை அவரே கைவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதைச் சொல்ல ஏர்போர்ட்டில் ஆள் இல்லை. பல மாதம் கழித்து ஒரு கடிதம் வரும்போதுதான் தெரியும். போவது சுலபம் என்பதாலேயே பலர் ஏமாந்துபோகிறார்கள். அதனால் கேள்வியை மாற்றிக் கேள். "போகலாமா" என்று கேட்காதே. "எதைக் காட்டித் திரும்பி வருவேன்" என்று கேள்.

திரும்பி வர இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று ஏ.பி. என்று நாம் சொல்லும் அட்வான்ஸ் பரோல். ஐ-131 படிவம் போட்டு, போவதற்கு முன்பே திரும்பி வர வாங்கி வைத்துக்கொள்ளும் அனுமதி. இன்னொன்று எச்-1பி, எல்-1 வேலை விசாக்காரர்களுக்கும் அவர்களைச் சார்ந்த எச்-4, எல்-2 குடும்பத்தாருக்கும் உள்ள விலக்கு. அவர்கள் ஏ.பி. இல்லாமல் போய் வந்தாலும் 485-க்குச் சேதம் இல்லை. ஆனால் வேலை அதே கம்பெனியில் தொடர வேண்டும், அந்த அந்தஸ்து உயிரோடு இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டில் அந்த வகை விசா ஸ்டாம்பும் செல்லுபடியாக வேண்டும். மாணவர் விசாவான எஃப்-1-க்கு இந்த விலக்கு கிடையாது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்தது உங்கள் அதிர்ஷ்டம். வேலை அடிப்படையிலான க்ரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதன் இரண்டாம் பிரிவில் வரிசைத் தேதி 2025 கடைசியிலும் 2013-லேயே நின்றது. கணவன் மனைவியில் ஒருவர் பிறந்த நாட்டின் வரிசையில் மற்றவரும் நிற்கலாம் என்ற விதியால் நீ இலங்கை வரிசைக்குப் போனாய். நான் க்ரீன் கார்டுக்குப் பதினோரு வருடம் வரிசையில் நின்றேன், நீ இரண்டே வருடத்தில் 485 போட்டுவிட்டாய். நல்லது. ஆனால் ஒரே வீட்டில் இருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் வாசல் வேறு வேறு.

மாப்பிள்ளையிடம் எச்-1பி ஸ்டாம்ப் இருக்கிறது, இன்னும் ஒன்றரை வருடம் செல்லும், கம்பெனியும் மாறவில்லை. அவர் நாளைக்கே யாழ்ப்பாணம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம். உனக்கு அப்படி இல்லை. போன அக்டோபரில் எஃப்-1-லிருந்து எச்-1பிக்கு இங்கே இருந்தபடியே மாறினாய். அந்தஸ்துதான் மாறியது, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது பழைய மாணவர் விசா. எச்-1பியில் திரும்பி வர வேண்டுமென்றால் ஜெமினி மேம்பாலத்தடியில் இருக்கும் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் முடித்தாக வேண்டும்.

ஸ்டாம்பிங் என்றால் ஒரு வாரம், பத்து நாள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது பழைய கதை. 2025 டிசம்பரில் எச்-1பிக்காரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. இந்தியாவில் அந்த மாதம் நேர்காணல் வைத்திருந்த எத்தனையோ பேருக்குத் தேதி மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போனது. இரண்டு வார லீவில் போனவர்கள் மாமியார் வீட்டு மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வேலை பார்த்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால், செப்டம்பரில், புது எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அறிவித்தார்கள். பழைய விசாக்காரர்களுக்கு அது பொருந்தாது என்று மறுநாள் விளக்கம் வருவதற்குள், விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள்கூட இறங்கி ஓடினார்கள். இங்கே விதி ராத்திரியோடு ராத்திரியாக மாறும். அதனால் கல்யாணத்துக்காக நீ ஸ்டாம்பிங்கை நம்பிப் போகாதே. உனக்கு ஏ.பி.தான் வழி.

"ஏ.பி. போட்டியா" என்று கேட்டதற்கு, "630 டாலர் தனியாக் கேக்கறாங்க சித்தப்பா, இப்ப எங்கயும் போகப்போறதில்லையேன்னு விட்டுட்டேன்" என்றாய். தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. 2024 ஏப்ரல் வரை 485 கட்டணத்திலேயே ஏ.பி.யும் வேலை அட்டையும் அடக்கம். எல்லாரும் சேர்த்துப் போட்டார்கள். தனிக் கட்டணம் ஆனதும் பலர் உன்னைப் போல மிச்சம் பிடித்தார்கள். இதைப் பற்றித்தான் உனக்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

2007 ஜூலையில் இங்கே நடந்த கூத்து உனக்குத் தெரிந்திருக்காது, அப்போது நீ சின்னப் பெண். எல்லாருடைய தேதியும் திறந்துவிட்டது, 485 போடலாம் என்று அறிவித்தார்கள். ஜூலை 2-ம் தேதி, "இல்லை, எண்கள் தீர்ந்துவிட்டன" என்று கதவைச் சாத்தினார்கள். நம் ஆட்கள் கோபத்தைக் காட்டவில்லை. முன்னாபாய் படத்துக் காந்திகிரி பாணியில், குடியேற்றத் துறைத் தலைவருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்து அனுப்பினார்கள். அவர் அவற்றைக் காயம்பட்ட ராணுவ வீரர்கள் இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். ஜூலை 17-ம் தேதி கதவு மறுபடி திறந்தது. அந்த ஒரு மாத இடைவெளியில் உள்ளே நுழைந்தவர்களில் நானும் ஒருவன். 485, வேலை அட்டை, ஏ.பி. எல்லாம் சேர்த்து ஆகஸ்டில் போட்டேன். நாடு முழுக்க அந்த மாதம் குவிந்த விண்ணப்பங்களால் எல்லாமே தாமதம்.

கார்த்திகையில் உன் தாத்தா போய்ச் சேர்ந்தார். விடிகாலை மூன்று மணிக்கு உன் அப்பா போன் செய்தார். ஏ.பி. வரவில்லை. என் எச்-1பி ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தது. காலையில் கம்பெனி வக்கீல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் வக்கீல்கூட இல்லை, உதவியாளர். "போகலாமா" என்றேன். "வேண்டாம்" என்றார். நானும் வேறு கேட்கவில்லை. மாயவரத்தில் உன் அப்பா மூத்த பிள்ளையாகக் கொள்ளி வைத்தார். நான் இங்கே சமையலறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு சங்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சித்திரையில், வேறு ஒரு நண்பருக்காக விதிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது. எச்-1பிக்காரர் ஏ.பி. இல்லாமலும் போய் வரலாம் என்ற விலக்கு 1999-லேயே வந்துவிட்டது. என் எச்-1பி 2009 வரை செல்லுபடி, கம்பெனியும் அதேதான். சென்னையில் ஸ்டாம்பிங் மட்டும் முடித்து வந்திருக்கலாம். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயமும் இல்லை. அம்மு, என்னைத் தடுத்தது சட்டம் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பாராமல் நான் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். தூரம், காசு, லீவு என்று வேறு எதனால் தவறவிட்டிருந்தாலும் மனசு ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் வருடா வருடம் ஏ.பி.யைப் புதுப்பித்தேன். பழைய கட்டணத்தில் 485 போட்ட என்னைப் போன்றவர்களுக்கு அது தனிக் கட்டணம், அப்போது தடவைக்கு 305 டாலர். "போகாத ஊருக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்பாள் உன் சித்தி. மூன்று வருடம் அந்தக் காகிதம் வாஷிங் மெஷின் வாரண்டியோடு மேஜை டிராயரில் சும்மா கிடந்தது. 2010 ஆவணியில் உன் பாட்டிக்கு முடியவில்லை என்று தகவல் வந்த அன்று ராத்திரியே நூவர்க்கில் விமானம் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது பாட்டி ஃப்ரீசர் பெட்டியில் இருந்தாள். அம்மாவுக்கு இளைய பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும், எனக்காகக் காத்திருந்தார்கள்.

திரும்பி வந்தபோது நூவர்க்கில் நடந்ததையும் சொல்கிறேன், உனக்கும் அது நடக்கும். முதல் கவுண்டரில் இருந்த அதிகாரி ஏ.பி. காகிதத்தைப் பார்த்ததும் ஓர் உறையில் போட்டு, "அந்த அறைக்குப் போ" என்றார். அதைத்தான் செகண்டரி என்பார்கள். வரிசையாக நாற்காலி, போன் பேசக் கூடாது என்று பலகை. தப்புப் பண்ணியதால் அனுப்பவில்லை, ஏ.பி.க்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் போவார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். அதிகாரி காகிதத்தில் இருந்த போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். போட்டோவில் தலை நிறைய முடி, நான் மொட்டை. "என்ன ஆயிற்று?" என்றார். "அம்மா இறந்துட்டாங்க. எங்க வழக்கம்" என்றேன். ஒரு நிமிடம் பேசவில்லை. முத்திரையைக் குத்தி, காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, மெதுவாக "வருந்துகிறேன்" என்றார். அவ்வளவுதான்.

"பரோல்" என்றதும் நம்மூரில் ஜெயில் ஞாபகம் வரும். பயப்படாதே. விசாவில் வருகிறவரை நாட்டுக்குள் முறைப்படி சேர்த்துக்கொள்கிறார்கள். பரோலில் வருகிறவரைச் சேர்க்காமலே உள்ளே இருக்க விடுகிறார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. எச்-1பியில் திரும்பி வந்தால் 485 நாளைக்கே நிராகரிக்கப்பட்டாலும் கீழே எச்-1பி என்ற திண்ணை இருக்கும். பரோலில் வந்தவருக்கு 485 போனால் நிற்க இடம் இல்லாமல் போகலாம். அதே கம்பெனியில் எச்-1பி வேலையை நீ தொடரலாம். பிறகு அந்தக் கம்பெனி எச்-1பியை நீட்டித்தால் திண்ணை திரும்பவும் கிடைக்கும். அதனால் பரோலில் வந்த பிறகு கம்பெனி மாறுவது, வேலையை விடுவது என்று எதையும் வக்கீலைக் கேட்காமல் செய்யாதே. ஏ.பி. இருந்தாலும் கடைசி வார்த்தை ஏர்போர்ட் அதிகாரியுடையது என்பதும் நினைவிருக்கட்டும். போலீஸ் கேஸ் ஏதாவது இருப்பவர்கள் வக்கீலிடம் பேசாமல் வாசல்படி தாண்டக் கூடாது.

உன் பழைய ரூம்மேட் தங்கும் அனுமதி முடிந்தும் எட்டு மாதம் தங்கிவிட்டதாகச் சொன்னாயே, அவளுக்கும் ஒரு செய்தி. 180 நாளுக்கு மேல் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கி வெளியே போனால் மூன்று வருடமும், ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பத்து வருடமும் திரும்ப முடியாது என்று 1996-ல் சட்டம் வந்தது. 485 நிலுவையில் இருக்க, ஏ.பி.யோடு போய் வருவதை அப்படி "வெளியே போனதாக" எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2012-ல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் இந்தியர்கள்தான். அர்ரபல்லி, எர்ரபெல்லி என்ற பெயர்களால் அந்தத் தீர்ப்பை இன்றும் சொல்கிறார்கள். தீர்ப்பில் பேசப்பட்டது பத்து வருடத் தடை. அவள் கேஸ் மூன்று வருடத் தடை சம்பந்தப்பட்டது என்பதால், தானாக முடிவெடுக்காமல் நல்ல வக்கீலைப் பார்க்கச் சொல்.

இனி நீ செய்ய வேண்டியது. ஐ-131-ஐ இந்த வாரமே போடு. மாப்பிள்ளைக்கும் தனியாகப் போடச் சொல். ஸ்டாம்ப் இருக்கிறதே என்று அவரும் விட வேண்டாம். ரசீது வந்துவிட்டது என்று கிளம்பாதே. ஒப்புதல் ஆகி, காகிதம் கைக்கு வந்த பிறகுதான் விமானம். அதற்கு முன் வெளியே போனால் ஏ.பி. விண்ணப்பமும் கைவிட்டதாகிவிடலாம். எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. அதனால் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக வாங்கு. ஏ.பி. காலாவதி ஆவதற்குள் திரும்பிவிட வேண்டும்; கடைசி வாரம் வரை இழுக்காதே.

தோஹா வழி சரிதான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இல்லாமல் ஏ.பி. மட்டும் வைத்திருந்தால் லண்டன் போன்ற இடங்களில் விமானம் மாறவே தனி விசா கேட்பார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வழியை மாற்றாதே. சென்னையில் திரும்பும்போது நாலு மணி நேரம் முன்னாலேயே போய்விடு. ஒரு தடவை கவுண்டரில் இருந்த பையன் என் ஏ.பி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், விசா எங்க?" என்றான். சண்டை போட்டால் வேலை நடக்காது. "மேலதிகாரியைக் கூப்பிடுங்க தம்பி" என்று பொறுமையாக நின்றேன். அவர் வந்து கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அனுப்பினார். ஏ.பி. அசல், 485 ரசீது, கம்பெனிக் கடிதம், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். எல்லாவற்றிலும் ஒரு நகல் எனக்கு அனுப்பு. நீங்கள் இல்லாத நாளில் தபால்பெட்டியைத் திறந்து பார்க்க ஓர் ஆளை வை. கைரேகைக்குக் கூப்பிட்ட தேதி தவறினாலும், கூடுதல் ஆவணம் கேட்டதற்குக் கெடுவுக்குள் பதில் போகாவிட்டாலும், இங்கேயே இருந்தவருடைய 485-கூடப் போய்விடும். திரும்பி வந்த மறுநாள் இணையத்தில் ஐ-94 என்ற வருகைப் பதிவை எடுத்துப் பார். மாப்பிள்ளை எச்-1பியில் வந்திருக்க, பரோல் என்று பதிந்திருந்தால் அதைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்தைப் பற்றி என் முடிவு இதுதான். மார்கழி பாதிக்குள் ஏ.பி. கைக்கு வந்தால் போ, பத்து நாள் இருந்து ஆசை தீர வா. வராவிட்டால் போகாதே. தம்பி கோபித்துக்கொள்வான், உன் அம்மா அழுவாள். வளைகாப்பு, பேரப்பிள்ளை காதுகுத்து என்று அந்தக் கடனைத் தீர்க்க எத்தனையோ நாள் இருக்கிறது.

அப்பா அம்மாவுக்கு ஒன்று என்றால் கணக்கே வேறு. அதற்கும் வழி உண்டு. குடியேற்றத் துறைக்குப் போன் போட்டு, அவசர ஏ.பி.க்கு உள்ளூர் அலுவலகத்தில் நேரம் கேட்கலாம். படிவம், கட்டணம், போட்டோ, ஆஸ்பத்திரியின் லெட்டர்ஹெட்டில் டாக்டர் கையெழுத்தோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். அதுவும் நடக்கவில்லை என்றால் ஸ்டாம்பிங்கை நம்பியாவது போ. கடைசியில் 485 போனாலும் போகட்டும். 485 போனால் உன் வரிசைத் தேதி போகாது. கம்பெனி போட்ட மனு ஒப்புதலாகி இருக்கிறது. இங்கே முறையான அந்தஸ்தில் இருந்தால் மறுபடி 485 போடலாம், வெளியே இருந்தால் தூதரகம் வழியாக முயலலாம். காசு போகும், ஒன்றிரண்டு வருடம் போகும். இந்த ஒன்றை மட்டும் 2007-ல் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் போதும்.

உன் அப்பாவுக்கு இந்தப் புரட்டாசியில் 71. நன்றாகத்தான் இருக்கிறார், காலையில் கடைத்தெரு வரை நடக்கிறார். இருந்தாலும் எனக்கு அவர் ஒரே அண்ணன். அப்படி ஒரு போன் வந்தால் என்னிடம் "போலாமா" என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. நானும் ஏர்போர்ட்டில்தான் இருப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சித்தி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். உள்ளே போய்ச் செக்புத்தகத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். இரண்டு பேருக்கும் 1,260 டாலர். தீபாவளிச் சீர் இப்போதே கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். "போகாத ஊருக்கு எதுக்கு?" என்று கேட்கவில்லை.

அன்புடன்,
உன் சித்தப்பா